இரண்டாம் டிவிஷன், புதுவயல்

மில் கணக்கு நோட்டில்
கடைசிப் பத்துப் பக்கம் என்னுடையது.
தவிட்டு லோடு, குருணை மூட்டை, கூலி பாக்கி
எல்லாம் எழுதி முடித்தபின்
நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வேன்.
சிவப்பு ஹெல்மெட், நீலம், வெள்ளை, மஞ்சள்.
முதலில் வந்தவனுக்கு மூன்று,
அடுத்தவனுக்கு இரண்டு, பிறகு ஒன்று,
கடைசி ஆளுக்கு சைபர்.
சைபரையும் எழுதியாக வேண்டும்.
காலியாக விட்டால்
ஆளே வரவில்லை என்று ஆகிவிடும்.

ஸ்டேஷனைத் தாண்டிய பொட்டலில்
செம்மண்மேல் மூன்று வருஷத்து உமிச்சாம்பல் கொட்டி
டிராக்டர் விட்டு இறுக்கிய நீள்வட்டம்.
பிரேக் இல்லாத வண்டிகள், ஒரே கியர்,
இடப்பக்கம் தவிர வேறு திக்கு அறியாதவை.
வளைவில் பின்சக்கரம்
முன்சக்கரத்தை முந்தப் பார்க்கும்.
இடது பூட்ஸில் அடித்த லாடம் தரையைக் கிழிக்க
சறுக்குவதையே ஓட்டுவதாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.
நான் ஏறியதில்லை.
ஜகுபர் சொன்னதை எழுதுகிறேன்.

மாசியில் பள்ளத்தூரிடம் தோற்றோம்.
கண்டனூரிடம் தோற்றோம்.
பங்குனியில் சொந்த மண்ணில் அறந்தாங்கியிடம் தோற்று
எல்லோரும் ரோஸ்மில்க் குடித்தோம்.
முதல் டிவிஷன்காரர்களுக்கு விளக்குக் கம்பம் உண்டு,
வண்டி ஏற்ற லாரி உண்டு,
முதுகில் சிமெண்ட் கம்பெனி பேர் உண்டு.
எங்கள் முதுகில் ‘உமி’.
முதலாளி ‘அரிசி’ என்றுதான் போடச் சொன்னாராம்;
அச்சுக் கடைக்காரன்
எழுத்துக் கணக்கில் காசு கேட்டானாம்.

சித்திரையில் அடைக்கம்மை வந்தாள்.
மில்லில் கலர் சார்ட்டர் மெஷின் பார்ப்பவள்.
கறுப்பு அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும்
அந்த மெஷின் கண்ணால் செய்வதை
இவள் காதால் செய்வாள்.
‘மூணாவது சுத்துல இருமுது’ என்பாள்.
இருமியிருக்கும்.
கார்புரேட்டரைப் பிரித்து
ஊசியை ஒரு நெல்மூக்கு அளவு இறக்கினாள்.
நான்கு ஞாயிறு வரிசையாக ஜெயித்தோம்.
சேவுகன் ஒரே நாளில் பதினான்கு எடுத்தான்.
கழுத்தெலும்பு முறிந்து கட்டோடு வந்த சூசை
கைதட்ட முடியாமல்
தகர வேலியை உதைத்துக்கொண்டிருந்தான்.

வைகாசிக் கடைசியில் கீழச்சிவல்பட்டி.
பதினைந்தாவது ஓட்டம்.
ஜகுபர்தான் முன்னால்.
கடைசிச் சுற்று, கடைசி வளைவு,
செயின் அறுந்தது.
எதிரணி இரண்டு பேரும் கடந்து போனார்கள்.
எங்கள் இன்னொரு பையன்
இரண்டாம் சுற்றிலேயே விழுந்து
வைக்கோல் கட்டில் உட்கார்ந்திருந்தான்.
ஜகுபர் இறங்கினான்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கணுக்கால் புதையும் புழுதியில்
வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான்.
மைக்செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான்.
எண்பது அடி இருக்கும்.
கோட்டைத் தாண்டினான்.
ஒன்று என்று எழுதினேன்.

நாற்பத்தாறுக்கு நாற்பத்து நான்கு.
அந்த ஒன்று இல்லாவிட்டாலும் அதே தோல்வி.
‘பின்ன எதுக்குத் தள்ளுன?’ என்றான் சேவுகன்.
‘லோடு ஆட்டோ அந்தப் பக்கம்தானே நிக்குது.’

ஆனியில் கடைசி ஆட்டம், எங்கள் வட்டத்தில்.
ஜெயித்தால் இரண்டாம் இடம், அடுத்த வருஷம் மேலே.
மூன்று மணிக்கு இடி.
உமிச்சாம்பல் நனைந்தால் என்ன ஆகும் என்று
உமி விற்கிற எங்களுக்கே தெரியாமல் போனது.
நடுவர் ஒரு கால் வைத்தார்;
காலை எடுத்தார், செருப்பு வரவில்லை.
ஆட்டம் ரத்து.
இரண்டு புள்ளி குறைந்து மூன்றாம் இடம்.
மேலே போகவில்லை.
கீழே போக டிவிஷன் இல்லை.
அடைக்கம்மை நனையாமல்
ஊசியை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆடியில் காரைக்குடியிலிருந்து ஆடிட்டர் வந்தார்.
நோட்டைத் தப்பான பக்கம் திறந்துவிட்டார்.
‘மூணு, சைபர், ரெண்டு, ஒண்ணு...
என்ன சரக்கு இது?’
‘உமி’ என்றேன்.
கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை பார்த்தார்.
டிக் அடித்தார்.