வெற்றுக் கட்டங்கள்

படிவத்தின் ஏழாம் பக்கத்தில்
ஒரு கட்டம் இன்னும் காலி:
'மாணவர் அடைந்த முன்னேற்றம், எண்ணிக்கையில்.'
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால்
அடுத்த ஆண்டு நன்கொடை இல்லை,
வேனுக்குப் புது டயரும் இல்லை.

சரி, எண்ணிக்கையிலேயே சொல்கிறேன்.
நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில் கிரே டிக்கிள் தீவு.
படகுத்துறை ஒன்று. மீன் ஆலை ஒன்று, பூட்டியது.
பள்ளிக்கூடம் ஒன்று, பிள்ளைகள் பதினொருவர்.
பனிக்கட்டி மறித்து மூன்று முறை திரும்பி
நான்காம் முறை கரை தொட்ட படகில்
நாங்கள் இறக்கியவை பதினொரு வாத்தியங்கள்.
டியூபாவின் இடுப்பில் ஒரு பள்ளம்.
அது எங்களிடம் வந்தபோதே இருந்தது.

டெல்மா ரைட்அவுட் கடைசியாக வந்தாள்,
அப்பாவின் நண்டுப் படகுக்கு இரை வெட்டிக் கொடுத்துவிட்டு
விரல்களில் கணவாய் வாடையோடு.
அதற்குள் கிளாரினெட் போயிற்று, டிரம்பெட் இரண்டும் போயிற்று.
பெட்டியடியில் மிஞ்சியவை
இரண்டு பித்தளைத் தட்டுகள்.
"இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?"
மார்னி தாளை விரித்துக் காட்டினாள்.
அறுபத்து மூன்று கட்டங்கள் வெறுமை.
அறுபத்து நான்கில் ஒரே ஒரு அடி.

குளிர்காலம் முழுக்க எண்ணினாள்.
மற்றவர்கள் பிசிறடித்து, எச்சில் வடித்து
ஒரு சுரத்தைத் தரதரவென்று இழுத்துவந்து நிறுத்துகையில்
இவள் உதடுகள் மட்டும் அசையும்.
கணக்கு வாத்தியார் புகார் சொன்னார்:
எதைக் கேட்டாலும்
முப்பத்தெட்டு என்கிறாள்.

மே மாதம், மாதாகோவில் கூடத்தில் கச்சேரி.
தீவே வந்திருந்தது. நூற்றிரண்டு பேர், இரண்டு நாய்.
இருபதாம் கட்டத்தில்
காற்று எங்கோ கம்பியை அறுத்தது.
கும்மிருட்டு.
தாள் தெரியவில்லை, மார்னியின் கை தெரியவில்லை.
புல்லாங்குழல் முதலில் வழிதவறியது,
பின்னாலேயே டிரம்பெட்டுகள்.
டியூபா மட்டும் ஏதோ ஒரு சுரத்தில்
நங்கூரம் போட்டுவிட்டு நகர மறுத்தது.

அப்போது அவள் குரல்.
பாட்டல்ல, எண்.
இருபத்தாறு. இருபத்தேழு.
மூடுபனியில் படகுகளுக்கு மணி அடிப்பார்களே,
அந்த நிதானம்.
ஒவ்வொருவராக அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள்,
நாற்பதில் டிரம்பெட்டுகள், நாற்பத்தாறில் புல்லாங்குழல்.
ஐம்பது தாண்டியதும் பின்வரிசை ஆண்களும்
தொண்டைக்குள் எண்ணத் தொடங்கினார்கள்,
ஆலை பூட்டிய நாளிலிருந்து
எதையும் சேர்ந்து எண்ணியிராதவர்கள்.

அறுபத்து மூன்று.
அறுபத்து நான்கு! என்று கத்தினாள்.
கத்திய பூரிப்பில்
தட்டுகளை அடிக்க மறந்துபோனாள்.

ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு அவளே முதலில் சிரித்தாள்.

நன்கொடையாளர்கள் படமும் கேட்டிருக்கிறார்கள்,
வாத்தியம் பளபளக்க, பிள்ளை சிரிக்க.
அந்த நேரத்தில் நான் எடுத்ததில்
கறுப்பு மட்டும்தான் விழுந்திருக்கிறது.
அதையே இணைக்கிறேன்.

ஆக: டெல்மா ரைட்அவுட், வயது பன்னிரண்டு,
பயிற்சி ஏழு மாதம்.
மேடையில் வாசித்த சுரங்கள்:
பூஜ்யம் என்று எழுதுகிறேன்.
கட்டம் சிறியது, பொய்யும் சொல்லக்கூடாது.
தட்டுகளைத் திருப்பி வாங்கவில்லை என்பதை மட்டும்
சரக்குப் பதிவேட்டில்
'உடைந்தவை' பகுதியில்
சேர்த்துவிட்டேன்.