மூன்றாம் கதவு

இருபத்துமூன்று அடி நாலு அங்குலம்.
ரோச் வெளிச்சத்தில் அளவுகோலை அணைத்தபடி ஒரு தவளை
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்.
தண்ணி ஏற ஏற அதுவும் ஏறியது.
நான் எழுதிக்கொண்டேன்.

திருகோணமலையிலிருந்து ரணவீர ஐயா,
துண்டு துண்டாக வந்த போனில்:
"மூன்று கதவும். இரண்டடி. இப்பவே."
பிறகு மழைச் சத்தம் மட்டும்.
அவர் பக்கத்து மழையா என் பக்கத்து மழையா
தெரியவில்லை.
ஒன்றரை மணி.

போன மார்கழியிலும் இப்படித்தான் திறந்தோம்.
அடுத்த நாளே வெயில்.
மேகமெல்லாம் கடலுக்கு மேலே போய் நின்றது.
சிறுபோகத்தில் கடைசி வாய்க்கால் வரை தண்ணி போகாமல்
கமக்காரர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி,
என்னைப் பாராமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்:
"குளத்தைக் குடாவுக்கு வித்துப்போட்டாங்கள்."
தேத்தண்ணிக் கடையில் மிச்சக் காசை
இரண்டு மாதம் கையில் தரவில்லை,
மேசையில் வைத்தார்கள்.

முகைதீன்பாவா வந்தபோது
சாரம் நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது.
பட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
நாற்பத்தொரு எருமை, கன்றுகள் வேறு.
"ஒரு மணித்தியாலம் தா மச்சான். ஒண்டே ஒண்டு."

மணித்தியாலத்துக்கு மூன்று அங்குலம் ஏறுகிறது.
மூன்று அங்குலம் என்றால்
கட்டின் மேற்கு மூலை,
போன கிழமை மண்மூட்டை அடுக்கிய இடம்,
கறையான் தின்ற வேருக்குள்ளால் கசிகிற ஈரம்.
அது போனால் பட்டி மட்டுமா,
பாவாவின் வீடு, பள்ளிவாசல், அம்மன் கோயில், சந்தி,
தம்பலகாமம் வரை வயல்.

கதவைத் திறந்தால் போவது
பள்ளக்காணி மட்டும்.
அதில் குடலையில் நிற்கிற ஒன்றரை ஏக்கர்
என் குத்தகை.
அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நினைத்தேன்.
நினைத்ததே சேர்த்த மாதிரித்தான்.

நாற்பது நிமிசம் கொடுத்தேன்.
மாடுகளுக்குத்தான் கொடுத்தேன்.
இடையில் இரண்டு தரம் வெளியே வந்து
வானத்தைப் பார்த்தது எதற்கு,
அதை நான் இன்னும் என்னிடம் கேட்கவில்லை.

கரண்ட் இல்லை. கையால் சுற்றவேண்டும்.
ஓர் அடிக்கு நூற்றுப்பதினாறு சுற்று.
நானும் காவலாளி தர்மசேனவும்
அவன் சிங்களத்தில் எண்ண, நான் தமிழில் எண்ண,
எழுபதாவது சுற்றில் இரண்டு கணக்கும் பிசகியபோது
கீழே தண்ணி குரல் எடுத்தது.
முதலாம் கதவு. இரண்டாம் கதவு.
மூன்றாவது துரு.
கடப்பாரையால் அடித்தோம், கெட்ட வார்த்தையால் அடித்தோம்,
ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது.
அந்த ஒரு சாணோடுதான் விடிந்தது.

காலையில் தார் ரோட்டில் முப்பத்தெட்டு எருமைகள்
ஈரம் சொட்டச் சொட்ட, யாருக்கும் வழிவிடாமல்.
பாவா திரும்பத் திரும்ப எண்ணினான்.
முப்பத்தெட்டு.
"எத்தனை மணிக்குத் திறந்தாய்?"
"ரெண்டு பத்து."
தலையாட்டினான். நன்றியும் இல்லை, கோபமும் இல்லை.

பதிவேட்டிலும் இரண்டு பத்து.
ஐயாவின் போனில் ஒன்றரை.
இரண்டுக்கும் நடுவில் எழுத
கட்டம் எதுவும் அச்சடிக்கவில்லை.

எட்டு மணிக்கு வான் பார்க்கச் சனம் வந்துவிட்டது.
நுரைக்குள் வலை வீசுகிறவர்கள்,
பாசிபிடித்த கல்லில் பிள்ளையை நிறுத்திப்
படம் எடுக்கிற தகப்பன்.
விசில் ஊதி ஊதி என் உதடு வெடித்தது.
"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்கோ,
நீங்களும் படத்துக்குள்ள வாறீங்கள்."

என் வயல் இருந்த பக்கம் பழுப்பாய் மினுங்கியது.
பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

பதினொரு மணி. இருபத்திரண்டு அடி பத்து அங்குலம்.
மேற்கே மேகம் கிழிந்து ஒரு துண்டு வெயில்.
அதற்குள் கமக்காரர் அமைப்பிலிருந்து போன்:
"மழை விட்டுட்டுதுதானே,
இனிக் கதவைப் பூட்டினால் என்ன?"