மடங்கு

சுன்னாகம் சந்தையில் சிட்டை எழுதுகிறவள் நான்.
விடிய நாலரைக்கு மின்குமிழைச் சுற்றிப் பூச்சி,
கார்பன் தாள் ஒட்டி நீலமான விரல்,
முதலாளி சொல்லுகிற எண்,
முதலாளி சொல்லுகிறபடி.

தராசு மூன்று இலக்கம் காட்டும், நடுவில் ஒரு புள்ளியும்.
நான் இரண்டைத்தான் எழுதுவேன்.
அதில் ஒன்று எப்போதும் பூச்சியம்.

பத்துக்கு ஒன்று கழிவு.
அது மண்ணுக்கு, தண்டுக்கு, அழுகலுக்கு,
சாக்கின் பாரத்துக்கு என்பார்கள்.
கழித்த பிறகும் எண்ணுக்கு வால் இருந்தால்
வாலையும் வெட்டு என்பார் குலநாயகம்.
"பத்தின்ரை மடங்கெண்டால் காசு எண்ணச் சுகம், பிள்ளை."

சுகம்தான்.
ஏழாம் வாய்பாட்டுக்கு அழுத பெடியனும்
பத்தாம் வாய்பாட்டைக் கத்திக்கொண்டு ஓடினான்.
எண்ணுக்குப் பின்னால் ஒரு வட்டம், முடிந்தது.
யாரும் பிழைவிட முடியாத வாய்பாடு.
அதனால்தான் யாரும் அதைத்
திருப்பிச் சரிபார்க்கவில்லை.
என் சம்பளமும் உருண்டை எண்தான்,
முப்பதினாயிரம், ஐந்தாம் திகதி,
நூறு ரூபா குறையாமல்.

புன்னாலைக்கட்டுவன் பவளராணி
பீற்றூட் கொண்டு வருவா.
லாண்ட்மாஸ்டர் பெட்டியில், சாக்குக்கு மேலே தானும் ஏறி,
நகக்கண்ணில் செம்மண்ணோடு.
எழுபத்தாறு கிலோ காட்டியது தராசு.
கழிவு ஏழு புள்ளி ஆறு.
மிச்சம் அறுபத்தெட்டு புள்ளி நாலு.
"அறுபது போடு."
போட்டேன்.
எட்டுக் கிலோ நானூறு கிராம்
என் பேனைக்கும் தாளுக்கும் நடுவில்
எங்கோ விழுந்தது.
சத்தமே கேட்கவில்லை.

அடுத்த கிழமை மூன்று சாக்கு.
முதல் சாக்கு அறுபத்தேழு.
இரண்டாவது அறுபத்தேழு.
தராசு இறுகிப்போச்சோ என்று
முதலாளி தட்டிப் பார்த்தார்.
மூன்றாவதும் அறுபத்தேழு.
கழிவு போக அறுபதும் முந்நூறு கிராமும்.
வெட்ட வால் இல்லை.

"என்ன ராணி, வீட்டிலை தராசோ?"
"ஓம். பழைய இரும்புக்காரனிட்டை வாங்கினது.
ஒரு பக்கம் கொஞ்சம் சாயும். என்ரை பக்கமில்லை."
பிறகு சாக்கு வாயைக் கட்டிக்கொண்டே சொன்னா:
"சாக்குக்கு முந்நூறு கிராம் உங்களுக்கு.
ஒரு கறிக்குக் காணும்."
மூட்டை தூக்குகிற யோகதாஸ் சிரித்தான்.
முதலாளி திரும்பியதும்
அதை இருமலாக்கினான்.

அன்று பின்னேரம் பஸ்ஸில்
நகல் கட்டை மடியில் வைத்து விரித்தேன்.
கை எழுதாததைக் கண் எழுதி வைத்திருக்கிறது.
இன்னாருக்கு ஆறு கிலோ, இன்னாருக்கு ஒன்றரை,
அந்தத் தொப்பிக்காரருக்கு ஒன்பது,
இவ இன்றைக்குத்தான் தப்பினா.
ஆளுக்கு நாலு என்று குத்துமதிப்பாய் வைத்தேன்.
நாற்பது பேர்.
நூற்றறுபது.
அதுவும் பூச்சியத்தில் வந்து நின்றது.
நம்பாமல் இன்னொருதரம் பெருக்கினேன்.

அந்த நூற்றறுபதுக்குக் கழிவு இல்லை.
அதற்கு மண் இல்லை, தண்டு இல்லை, அழுகல் இல்லை.
முழுசாய் லொறி ஏறிக்
கொழும்புக்குப் போயிருக்கிறது.
நாளைக்கும் போகும்.
இருமடங்கு, மும்மடங்கு, நான் எழுத எழுத.

மடங்கு என்றால் பெருகுவது என்றுதான்
இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.
பேனைக்கத்தியும் மடங்கும்.
பாரம் ஏறினால் முழங்காலும்.
கொட்டி முடிந்த சாக்கு நாலாய் மடங்கி
வந்த வழியே வீடு போகும்.

விடிய ஏழாலை நல்லலிங்கத்தார்.
கத்தரிக்காய். ஐம்பத்தெட்டு.
கழிவு போக ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு.
"ஐம்பது போடு, பிள்ளை."
ஐந்து எழுதினேன்.
பக்கத்தில் வட்டம் போடப் போன கை
பாதி வளைந்து இரண்டாகி நின்றது.
பிறகு ஒரு புள்ளி வைத்தேன்.
அழுத்திவிட்டேன் போல,
கார்பனைத் துளைத்து
அடித்தாள் வரைக்கும் போய்விட்டது.

முதலாளி அடுத்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நல்லலிங்கத்தார் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.
நான் சிட்டையைக் கிழித்தேன்.