முன்னூறு மீட்டர்

நாற்பத்தோரு கிலோ இரும்பு,
நீடாமங்கலம் லேத்தில் நானே கடைந்தது.
ஒரு முழ உயரம், அகன்ற வாய்,
மழைக்கு அண்ணாந்த தவளையின் உட்கார்வு.
குண்டு என்பது, என் மகளின் ரப்பர் பந்தை அறுத்து
அதற்குள் வார்த்த சிமென்ட்.
உரிமம் வேட்டுக்கார அமலதாஸ் பெயரில்,
கருமருந்தும் அவர் பொறுப்பு.
இல்லாதது ஒன்றுதான்:
முன்னூறு மீட்டருக்கு யாருமற்ற தரை.

மேடு என்றால் வாய்க்கால் கரைதான் இந்தச் சீமையில்.
இங்கேயா இடமில்லை என்று
சிரித்தபடிதான் வண்டியில் ஏற்றினோம், தையில்.

அறுத்த வயல். வெறும் தாள் என்று இறங்கினால்
வரப்பிலிருந்து வைரக்கண்ணு கத்துகிறார்:
"காலைப் பாத்து வைங்க, உளுந்து மொளச்சிருக்கு!"
குனிந்து பார்த்தோம்.
தாளுக்கும் தாளுக்கும் நடுவே
இரண்டிரண்டு இலையாய், ஆமாம்.

வெண்ணாற்றங்கரைத் திடலில் ஆயிரத்து இருநூறு வாத்து.
மேய்ப்பவன் கணக்குச் சொன்னான்:
"ஒரு சத்தம், மூணு நாள் முட்டை போச்சு."

கொள்ளிடம் அகலம்தான்.
மணலுக்குள் வெள்ளரிக்கொடி,
கொடிக்குக் காவல் ஒரு கீற்றுக் குடிசை,
குடிசைக்குள் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பொட்டல்,
எங்களுக்கென்றே செய்துவைத்தது போல.
பீடத்தை இறக்கி, ரசமட்டம் வைத்து,
முளை அடிக்கச் சம்மட்டியை ஓங்கியபோது
கருவேலம் புதருக்குப் பின்னால் மஞ்சள் பலகை:
கீழே எரிவாயுக் குழாய்.
திரும்பி ஓடும்போது
நாற்பத்தோரு கிலோவும் கோழியிறகு.

முத்துப்பேட்டையில் வலை.
எந்தப் பக்கம் பார்த்தாலும் வலை.

கடைசியில் தாலுகா அலுவலகம்.
தரிசு, மேய்ச்சல், களம், ஓடை, இடுகாடு,
பதிவேட்டில் எத்தனையோ வகை.
யாருமில்லை என்றொரு வகை கிடையாது.
ஆய்வாளர் பூங்கோதை கேட்டார்:
கோயில் திருவிழாவா?
இல்லை.
சாவா?
இல்லை.
தலைவர் யாராவது வர்றாங்களா? பன்னி வெரட்டவா?
பின்னே எதுக்குத்தான்?

நான் அமலதாஸைப் பார்த்தேன்.
அமலதாஸ் மின்விசிறியைப் பார்த்தார்.
"சும்மாதான், மேடம்."

காரணம் என்ற கட்டத்துக்கு மேலே
பேனா நின்றது நின்றபடி.
அறுபது வயது மனிதர் ஒருவர்,
கிறிஸ்துமஸுக்கும் கந்தூரிக்கும் காப்புக்கட்டுக்கும்
வாழ்நாளெல்லாம் அடுத்தவர் காரணத்துக்கே
திரி கொளுத்தியவர்,
ஒருமுறை சும்மா கொளுத்த ஆசைப்படுகிறார் என்பதை
எந்தப் பிரிவின் கீழ் எழுதுவது?
"சோதனை" என்று எழுதினார் பூங்கோதை.
முத்திரையை ஊதிக் காயவைத்தார்.

வேதாரண்யம், புரட்டாசி.
உப்பு வாரி முடித்து மழை பிடிக்காத பத்து நாள்.
ஜெகபர் அலியின் அளம்,
காவல் நிலையக் கடிதம், நாலு மூலைக்கும் சிவப்புக் கொடி.
இரண்டு மணிக்குத் தயார்.
தொலைந்த துண்டைத் தேடி ஒருத்தி வந்தாள்.
துண்டு கிடைத்தது. உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.
பிறகு ஒரு சைக்கிள்.
பிறகு, யாருடையதென்றே தெரியாத ஆடு.

ஐந்து இருபதுக்கு யாருமில்லை.

சத்தம் முதலில் வயிற்றில் கேட்டது, பிறகு காதில்.
வெள்ளைத் தரையில் வெள்ளைப் புகை.
பந்து ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது,
அத்தனை நிதானமாய்,
தன்னை எதற்கு அனுப்பினார்கள் என்று
அதற்கும் தெரியாதது போல.
உச்சியில் கொஞ்சம் யோசித்தது.
விழுந்தது.

அமலதாஸ் எதுவும் சொல்லவில்லை.
வேட்டியில் கையைத் துடைத்தார், இரண்டு முறை.

சேற்றில் முழங்கை வரை விட்டுத் துழாவினோம்.
குழியில் உப்புத்தண்ணீர் ஊறிக்கொண்டே வந்தது.
காவலாளி தன் நோட்டில் கோடு போட்டு எழுதினார்:
நேரம் 5.20. சத்தம் 1.
காரணத்துக்கு நேரே, எங்களைக் கேட்காமலே,
நல்லா இருந்துச்சு.

பந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.
தையில் பாத்தி வெட்ட வருபவர்
பெயர் சிங்காரவடிவேல்.
நாலாவது பாத்தி, கிழக்கு ஓரம்,
மண்வெட்டியை மெதுவாய்ப் போடச் சொல்லி
போன் செய்து வைத்திருக்கிறோம்.