ஓடில்லாத நத்தை

கம்ஷிகாவுக்கு இது நாலாவது தரம்.
கடைசி மூன்று நிமிசத்தில் எல்லாம் சரியாகும்:
கோபித்த நத்தை ஒதுங்கும்,
ஓடில்லாத நத்தை உள்ளே வரும்,
வயலின் அழும்.

எனக்கும் தம்பிக்கும் இடையில்
அரையடி வேலி,
ஒரு வழக்கு,
பதினொரு வருசம்.

"அப்பா, ஓட்டுக்குள்ள ரெண்டு பேர் கொள்ளுமெண்டு
அதுக்கு எப்பிடித் தெரியும்?"
கார்ட்டூன்தானே பிள்ளை.

கரண்ட் போனது.
கொக்குவில் முழுக்க இருட்டு.
வேலிக்கு அங்கால ஒரு சின்னக் குரல்
ஓவென்று அழுகிறது;
அங்கேயும் அதே படம்தான் போலும்.
இவள் ஓடிப்போய்
தகரத்தோடு வாய் வைத்து
முடிவைச் சொல்லிக்கொடுக்கிறாள்,
வயலினையும் சேர்த்து.

டோர்ச் என் கையில்தான் இருக்கிறது.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.