பதினொன்று ஐம்பத்தைந்து வரை

திருப்பாலைக்குடி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
இன்று சீட்டு நூற்றுப் பதினான்கு.
பாதி இருமல்.
ஒருவருக்குத் திருக்கை முள்.

பொறுக்கிற சூட்டில் வெந்நீர், அதில் காலை வைங்க,
எடுக்காதீங்க என்றேன்.
"ஊசி இல்லையா டாக்டரம்மா?"
இருக்கு. முதல்ல வெந்நீர்.
கடுப்பு இறங்க இறங்க சேகுதாவூதின் முகம்
தன் வயதுக்குத் திரும்பியது.
நான் இரண்டு முறை எழுதிய
இருநூறு இருநூறு கேள்விகளில்
திருக்கை ஒரு முறைகூட வரவில்லை.

போன வருடம் குழந்தை மருத்துவம்
எனக்கு நாற்பத்தோரு பேர் முன்னால் முடிந்துபோனது.
அதற்கு முந்தைய வருடத்தைக் கேட்காதீர்கள்.
கடைசிச் சுற்றில் மருந்தியல் வந்தது,
வேண்டாம் என்றேன்.
வாப்பா ஒன்றும் சொல்லவில்லை.
சீனி போடாத தேநீரை
முழுவதுமாகக் குடித்துவிட்டு எழுந்து போனார்.
உம்மாவுக்கு நாலு எழுத்து போதும்.
எண்ணிப் பார்த்தால்
என் பெயருக்குப் பின்னால் சரியாக நாலுதான் இருக்கிறது.

தீபிகா கோவையில் ஸ்கேன் படிக்கிறாள்.
நாள் முழுக்க இருட்டறைடி என்று
படம் அனுப்புகிறாள்
அவ்வளவு வெளிச்சமாக.

இந்தக் கடலிலேயே முறை உண்டு,
விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு மறுநாள்.
என் கிழமை எது என்று
மீன்வளத் துறையில் யாராவது சொன்னால் தேவலை.

ஐப்பசி மழையில் ஒரு குழந்தை வந்தது.
பிறந்து பன்னிரண்டு நாள்.
உதடு நாவற்பழம்.
ஆம்புலன்ஸில் நானும் அமலோற்பவம் சிஸ்டரும்,
மூக்கின் மேல் முகமூடி, கையில் காற்றுப் பை.
ஒன்று, இரண்டு, அழுத்து.
ஒன்று, இரண்டு, அழுத்து.
முனியசாமி அண்ணன் தேவிபட்டினத்தை
எப்போது தாண்டினார் என்றே தெரியாது.
ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில்
என்னைவிட இளையவள் ஒருத்தி
பிள்ளையை வாங்கிக்கொண்டு
"நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.
கண்ணாடிக் கதவு.
வெளியே என் கை
வெறுங்காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

பிழைத்துவிட்டான். பெயர் இன்சாஃப்.
போன வாரம் தடுப்பூசிக்கு வந்து
என் சல்வாரை நனைத்துவிட்டுப் போனான்.
விஷயம் அதுவல்ல.
அந்தக் கதவுக்குப் பின்னால்
அவள் முதலில் எதைத் தொட்டாள்?

இது படிப்பாசையா, பொறாமையா?
பிரித்துச் சொல்ல எங்கள் லேபில் வசதியில்லை.
எழுதாவிட்டால் இரண்டு முறை தோற்றவள்.
எழுதினால் மூன்று ஆகலாம்.
கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.
நாலு மணி அலாரம்,
நிக்காஹ் வீடுகளில் பிரியாணித் தட்டோடு வரும்
"இன்னுமா படிக்கிறே"...
அதையெல்லாம் சேர்க்காமலேயே.

இரவு பத்து நாற்பது.
குவார்ட்டர்ஸில் சிக்னல் இல்லை.
படகுத்துறையில் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியில் உட்கார்ந்தேன்.
வாடை காதுக்குள் நுழைந்தது.
பெயர், ரிஃபானா.
எத்தனையாவது முறை என்று படிவம் கேட்கவில்லை,
அந்த மட்டுக்கும் நாகரிகம்.
கட்டணம்.
ஆறு எண்கள் வந்தன,
நான்கை அடித்திருப்பேன்,
சிஸ்டர் அழைத்தார்:
சேகுதாவூதுக்கு மறுபடியும் கடுப்பு.

கட்டைப் பிரித்தேன்.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்
முள்ளின் துணுக்கு, ஓர் அரிசி அளவு.
பகலில் நான் பார்க்கத் தவறியது.
அவரிடம் அதைச் சொன்னேன்.
"கெடக்கட்டும், இப்ப எடுங்க" என்றார்.

திரும்பும்போது பதினொன்று நாற்பத்தெட்டு.
அந்த ஆறு எண்களும் காலாவதி.
கீழே சின்ன எழுத்தில்
மீண்டும் அனுப்பு.

கட்டைவிரலில் அயோடின் ஈரம்.
திரை நம்பவில்லை.
துப்பட்டாவில் துடைத்துவிட்டு
இன்னொரு தடவை அழுத்தினேன்.