ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம்

பெட்டியைக் கீழே போடுவதுதான் என் வேலை.
இடுப்புயரத்திலிருந்து பத்துத் தடவை:
மூலைக்கு ஒன்று, விளிம்புக்கு மூன்று,
முகத்துக்கு ஒன்றாக ஆறு.
பிறகு காது வைத்துக் கேட்பேன்.
உள்ளே பன்னிரண்டு கண்ணாடிக் குப்பியில்
காங்கேயத்துத் தேங்காயெண்ணெய்.
சலசலத்தால் பெட்டி தோற்றது.

பழைய பெட்டி தோற்றதே இல்லை.
தெர்மாகோல் தட்டு, மேலே ஷ்ரிங்க் உறை,
ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு மினுக்கு.

அந்த ஆனிக் காற்றில்
கிளுவை வேலியில் எங்கள் கம்பெனிப் பெயர் படபடத்தது,
பச்சை எழுத்தில், பிழையில்லாமல்.
கொறங்காட்டுக்காரர் பொங்கியண்ணன்
அதைச் சுருட்டிக் கொண்டுவந்து
என் மேசைமேல் வைத்தார்.
"உங்களுதுங்களா அம்மிணி?
கெடேரி மென்னுக்கிட்டு நின்னுதுங்க."
அவ்வளவுதான்.
தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

மாதிரிகள் வரத் தொடங்கின.
கோயமுத்தூர்க்காரர் நீட்டிய உறை
ஆறே மாதத்தில் மண்ணாகிவிடுமாம்;
இலைப் படம் போட்டிருந்தது.
பொள்ளாச்சியிலிருந்து தேங்காய்மஞ்சித் தட்டு,
எடுக்கும்போதே உதிர்ந்து
குப்பிக்கெல்லாம் தாடி.
உடுமலையிலிருந்து பழுப்பு அட்டை,
ஒரே மையில் அச்சு,
பார்க்கப் பாவமாக.

நான் படித்தது பி.காம்.
மண்ணையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.
கொப்பரைக் களத்துக்குப் பின்னால்
மூன்றையும் முழங்கை ஆழத்தில் புதைத்தோம்.
குழி வெட்டிய பிபின் நாயக்
ஒடியாவில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
செத்தது யார் என்று கேட்டிருப்பான்.

ஆடி போய் ஐப்பசி வந்தது.
பெய்தது என்னவோ ரெண்டு மழை.
மார்கழியில் தோண்டினால்
அட்டை இருந்த இடத்தில் கறையான் குடித்தனம்.
மஞ்சி கறுத்து, எது மஞ்சி எது மண் தெரியவில்லை.
கோயமுத்தூர் உறையைக் குழாயடியில் அலசினேன்.
இலைகூட வாடவில்லை.

"பொட்டிக்கு ஒன்னேமுக்கா ரூவா கூடுதுங்களே"
என்றார் முதலாளி சென்னியப்பன்,
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி.
நான் வேறு கணக்குப் போட்டேன்:
சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே ஒட்டினால்
காலை ஒன்பதுக்கு மதுரையில்
கடைப்பையன் கத்தி வைக்கிறான்.
ஒரு பெட்டியின் ஆயுள் பதினைந்து மணி நேரம்.
அதற்கு எதற்குச் சாகாவரம்?
அவர் சிரிக்கவில்லை.

அட்டை முதல் நாள் மூலையில் தோற்றது.
மறுநாளும் மூலையில்.
பிபின் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றான்.
தரையெல்லாம் எண்ணெய்; ஒருமுறை நானும் வழுக்கினேன்.
நாலாம் நாள்தான் உறைத்தது:
உள்ளே குப்பிக்கு மேலே ரெண்டு விரல் காலி.
இத்தனை வருசமாகக் காற்றுக்கு
லாரி வாடகை கொடுத்திருக்கிறோம்.
பெட்டியைக் குறுக்கினோம்.
கழுத்துக்கு மடித்த அட்டைப் பட்டை ஒன்று.
ஒரு லோடுக்கு நாற்பது பெட்டி கூட ஏறியது.
ஒன்றேமுக்கால், முக்காலாக இறங்கியது.
மூலை, விளிம்பு, முகம்.
காது வைத்தேன். சத்தமில்லை.
நம்பாமல் பதினோராவது தடவையும் போட்டேன்.

முதல் லோடு போன ராத்திரி
திண்டுக்கல் தாண்டி மழை என்றார் டிரைவர்.
தார்ப்பாய் கிழிசல் எங்கே என்று
எனக்குத் தெரியும்.
விடிய விடிய முழித்திருந்தேன்,
நனைந்த அட்டை எப்படிக் குழையும் என்று
விரல் நுனியில் தெரிந்தபடி.

பத்து மணிக்கு மதுரையிலிருந்து போன்.
மூன்று பெட்டி ஊறிப்போச்சு,
ரெண்டு குப்பி உடைஞ்சுபோச்சு.
"அட்டை?" என்றேன்.
"எண்ணெ குடிச்ச அட்டையா?
எதுத்த டீக்கடைக்காரர் அடுப்புக்கு வாங்கிட்டுப் போயிட்டாரும்மா.
அடுத்த தடவையும் ரெண்டு உடைச்சு அனுப்பச் சொல்றாரு."

நோட்டில் எழுதினேன்:
சேதம், இரண்டு.
தார்ப்பாய் மாற்றவும்.
எழுந்து போய்
அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.